ஜூராகான் கொட்டிய உப்பு

சாரி-பெல் கணவாயில் பனி தள்ளும் லாரியை ஓட்டுவது ஒரு பெண் என்று தெரிந்ததும், சில டிரைவர்கள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்ப்பார்கள். ஜூராகான் திரும்பிப் பார்க்க மாட்டாள். முன்னால் இரும்புத் தகடு, பின்னால் மணல் தூவும் பெட்டி, பக்கத்தில் பள்ளம். இவற்றைக் கவனிக்கவே அவளுக்குக் கண் போதாது.

சாலைப் பராமரிப்பு முகாமுக்கு அவள் வந்தது சமையல்காரியாக. ஒரு குளிர்காலத்தில் டிரைவர்கள் எல்லாரும் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தபோது, மேலே ஒரு பஸ் பனியில் மாட்டிக்கொண்டது. முற்றத்தில் லாரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பழகியிருந்த தைரியத்தில் அவளே ஏறிப் போனாள். பஸ்ஸை மீட்டுக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் முகாமின் கேட்டையும் இடித்துத் தள்ளினாள். அந்தக் கேட் இன்றுவரை சரியாக மூடாது. பிறகு முறையாக லைசென்ஸ் எடுத்தாள். "இனிமே சூப்பு உங்க பாடு" என்று கரண்டியை மேஜையில் வைத்தவள், மறுபடி அதைத் தொடவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் முகாமுக்குப் புதிய மேலாளராகத் துர்துபெக் வந்தார். கூடவே அவருடைய அக்கா மகன் எர்னிஸும் வந்தான். எர்னிஸுக்கு லாரி வேண்டும். லாரியோ ஜூராகானிடம் இருந்தது.

"குதிரைச் சரிவு வளைவுல ஒரு வண்டி சறுக்கட்டும். அன்னைக்கே சாவியை இவன்கிட்ட கொடுத்துட்டு நீ அடுப்படிக்குப் போ" என்றார் துர்துபெக், சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும்.

"சறுக்காது அண்ணே."

"சறுக்கினா?"

"சறுக்காதுன்னு சொன்னேன்ல."

அந்த வளைவை அவர் சொன்னதில்தான் சூது இருந்தது. மற்ற இடங்களில் மணலோடு உப்பைக் கலந்து தூவுவார்கள். உப்பு பனிக்கட்டியை இளக்கும், மணல் சக்கரத்துக்குப் பிடி கொடுக்கும். அந்த வளைவில் மட்டும் வெறும் மணல்தான். மேலே சரிவில் மேய்ப்பன் ஓஸ்மோனின் குதிரைகள், குளிர்காலம் முழுக்கக் குளம்பால் பனியைக் கீறிப் புல்லைத் தேடித் தின்னும். உப்புக்கு ஏங்கிக் கிடக்கும் மந்தை அது. சாலையில் உப்பு விழுந்தால் எப்படியோ தெரிந்துகொண்டு இறங்கிவிடும். அதனால் அங்கே உப்புப் போடுவதில்லை என்பது முகாமின் வழக்கம். வெறும் மணலையோ காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வண்டிகள் வழுக்குவதும் அங்கேதான்.

இதெல்லாம் ஜூராகானுக்குத் தெரியாததல்ல. ஆனால் மறுநாள் காலை பெட்டியில் மணல் கலக்காமல் வெறும் உப்பை நிரப்பி லாரியை எடுத்தபோது, 'அடுப்படி' என்ற சொல்தான் அவள் காதில் நின்றது. வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்தாள். பெட்டியை முழுக்கத் திறந்துவிட்டாள். வளைவு முழுவதும் உப்பு வெள்ளையாக விழுந்தது. சற்று நேரத்தில் பனிக்கட்டி இளகி, தார் கருகருவென்று தெரிந்தது. அவ்வளவு சுத்தமாக அந்த வளைவை யாரும் பார்த்ததில்லை.

அவள் கணவாயின் உச்சி வரை போய்த் திரும்பி வந்தபோது, வளைவுக்குக் கீழே லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சாலை நிறையக் குதிரைகள். தலையைக் குனிந்து தாரை நக்கிக்கொண்டிருந்தன. ஓஸ்மோன் குதிரைமேல் இருந்தபடி சாட்டையை வீசினான். ஒன்றும் அசையவில்லை.

"அக்கா, ரோட்டுல சர்க்கரைப் பாகா ஊத்துனீங்க?" என்று ஒரு லாரிக்காரன் கத்தினான்.

ஓஸ்மோனுக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்தப் புத்திகெட்டவன் இங்க உப்பைக் கொட்டினான்? சினைப் பெட்டைங்க நிக்குது. மேலேர்ந்து ஒரு வண்டி வந்து ஏறிச்சுன்னா?"

"நான்தான் கொட்டினேன். அப்புறமா திட்டு" என்றாள் ஜூராகான். உச்சியில் இருந்த சாலைக் காவல்காரனைப் போனில் கூப்பிட்டு, மேலிருந்து வண்டி வராதபடி தடுப்புக் கம்பத்தை இறக்கச் சொன்னாள். "ஓஸ்மோன், மந்தைக்கு முன்னால போற பெட்டை எது?"

"அந்தக் கறுப்பி."

அவள் லாரியைக் கறுப்பியின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, பெட்டியிலிருந்து கொஞ்சம் உப்பைச் சிந்தவிட்டாள். பிறகு பள்ளமில்லாத பக்கமாகச் சாலையை விட்டே இறங்கினாள். தகடு மேய்ச்சல் நிலத்துப் பனியைப் பிளந்து வழி செய்ய, பின்னால் உப்பு கோடாக விழுந்துகொண்டே போனது. கறுப்பி தலையைத் தூக்கிப் பார்த்தது. இறங்கியது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. நிலத்தின் நடுவில் மிச்ச உப்பையெல்லாம் அவள் குவியலாகக் கொட்டினாள்.

அவள் லாரியிலிருந்து இறங்குவதற்குள் துர்துபெக்கின் ஜீப் வந்துவிட்டது. கூட எர்னிஸ்.

"முகாமோட உப்பைப் புல்வெளியில கொட்டுறியா? கொடு சாவியை!"

"எந்த வண்டி சறுக்குச்சு, சொல்லுங்க."

"குதிரைகூட சறுக்கல அண்ணே" என்றான் லாரிக்காரன். வரிசையே சிரித்தது.

துர்துபெக்கின் முகம் சிவந்தது. "இங்க உப்புப் போடக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். போட்டது தப்புதான். தப்புப் பண்ணினது நான், சரிபண்ணினதும் நான். அதுக்குச் சாவியை ஏன் கொடுக்கணும்? நீங்க வந்த முதல் நாள்லேர்ந்து யாரு வேணா வழுக்கலாம், இடிக்கலாம், குடிச்சிட்டுப் படுக்கலாம். யாரையும் நீங்க அடுப்படிக்குப் போன்னு சொல்ல மாட்டீங்க. என்னை மட்டும் சொல்வீங்க. நான் போக மாட்டேன்."

உச்சியிலிருந்து மேகம் இறங்கி, பனி சாய்வாக அடிக்கத் தொடங்கியது. துர்துபெக் மருமகனைப் பார்த்தார். "போடா, ஏறு. நீ எடு."

எர்னிஸ் பள்ளத்தைப் பார்த்தான். "பனி வெறிச்சதும் எடுக்கறேன் மாமா."

"வெறிச்சப்புறம் யாருக்குடா வேணும் லாரி?" என்றான் ஓஸ்மோன்.

"திங்கட்கிழமை கூட்டத்துல உன்னைக் கவனிச்சுக்கிறேன்" என்று துர்துபெக் அவளிடம் விரலை நீட்டினார்.

"பனி பெய்ஞ்சா நான் மேலதான் இருப்பேன். கூட்டத்தை அங்க வந்து நடத்துங்க."

அவள் ஏறி உட்கார்ந்தாள். லாரி உறுமிக்கொண்டு சாலைக்கு வந்தது. தார்மேல் மிச்சமிருந்த உப்புச் சேற்றைத் தகட்டால் வழித்துப் பள்ளத்தில் தள்ளினாள். உச்சிக்குப் போகும் வழியை மறித்துத் துர்துபெக்கின் ஜீப் நின்றது. அவள் தகட்டைத் தூக்கவில்லை. ஹாரனை அழுத்தி, அழுத்திய கையை எடுக்காமல் காத்திருந்தாள். முதலில் எர்னிஸ் ஓடிவந்து ஜீப்பில் ஏறினான். பின்னாலேயே துர்துபெக்கும் ஏறினார். ஜீப் ஒதுங்கியது.