மறைவுத் தேதி இல்லாத பேனர்

பிளெக்ஸ் கடைக்குப் புதிதாக வரும் டிசைனர்களுக்கு நான் முதலில் கலரும் ஃபாண்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. கண்ணீர் அஞ்சலி ஆர்டர் வந்தால் தோற்றம், மறைவு இரண்டு தேதியையும் வாங்கிய பிறகுதான் கம்ப்யூட்டரில் கை வைக்க வேண்டும் என்பேன். ஏன் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வில்லியனூர் கடையில் நான் வேலை பார்த்தபோது ஏம்பலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கரும்பு போடுகிற வசதியான குடும்பம். அப்பாவுக்கு இருபதுக்குப் பத்து அடியில் அஞ்சலி பேனர் கேட்டார்.

"மறைவு தேதி சொல்லுங்க சார்."

"அத்த மட்டும் காலியா வுடும்மா. இன்னும் போவல. படுத்த படுக்கையா இருக்காரு. கடைசி நேரத்துல அவசரமா அடிச்சா நல்லா வராது பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசாதே என்று முதலாளி கண்ணைக் காட்டினார்.

அவர் கொண்டுவந்தது ஒரு கல்யாண குரூப் போட்டோ. பெரியவர் முகத்தில் பாதியை யாருடைய தோளோ மறைத்திருந்தது. தனியாக அவரை யாரும் ஒரு படம்கூட எடுத்ததில்லையாம். கடை கேமராவைக் கொடுத்து முதலாளி என்னை அனுப்பினார்.

மாடி வீடு. பெரியவர் அதில் இல்லை. பின்னால் மோட்டார் கொட்டகையில் யூரியா சாக்கின் மேல் கிடந்தார். முதுகுப் புண்ணின் நாற்றம் வாசலிலேயே அடித்தது. மகன் தன் வெள்ளைச் சட்டை ஒன்றை அவருக்குப் போட்டுவிட்டு, தூக்கி உட்காரவைத்தார். பெரியவருக்கு ஒரே சந்தோஷம்.

"யாருக்குப்பா கல்யாணம்?"

"கேமராவப் பாருப்பா."

எடுத்து முடித்ததும் பெரியவர் என்னைக் கேட்டார். "நல்லா வுழுந்துச்சாம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் மகன், "கையத் தூக்கு, சட்டையில கறை பட்டுடும்" என்று கழற்ற ஆரம்பித்தார். பெரியவர் குழந்தை மாதிரி இரண்டு கையையும் தூக்கினார்.

"உள்ள படுக்க வைக்கலாமே சார்?"

"வூடு நாறிப்போவும்மா. வர்றவங்க இன்னா நெனப்பாங்க?"

கடைக்கு வந்து, இதை நான் செய்யமாட்டேன் என்றேன். "நீ செய்யலன்னா நான் செய்யறேன்" என்று முதலாளி அன்றே பேனரை அடித்துக் கொடுத்துவிட்டார்.

என் தங்கை நர்ஸ். அவளை அங்கே அழைத்துப் போனேன். மகன் தடுக்கவில்லை. அவள் வேலை முடிந்து தினமும் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டினாள். புண்ணால் வந்திருந்த காய்ச்சல் விட்டது. பெரியவர் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஐப்பசி மழையில் நானும் ஒருநாள் பார்க்கப் போனேன். அதே கொட்டகை, அதே சாக்கு. ஒழுகுகிற கூரைக்கு அடியில் அந்தப் பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள், அச்சடித்த பக்கம் உள்ளே தெரியும்படி. 'கண்ணீர் அஞ்சலி. எங்களை ஆளாக்கிய தெய்வமே' என்று எழுதி, படுத்திருந்தவருக்கு நேர் மேலே அவர் முகம். பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"பாரும்மா, எம்மாம் பெருசா போட்டுக் கட்டியிருக்கான் எம் புள்ள. ஒரு சொட்டு ஒழுவல."

"போட்டோ நல்லா வுழுந்திருக்குங்கய்யா" என்றேன்.

மறைவுத் தேதியைக் கேட்பது நம் வேலை. தேதி இல்லை என்றால், ஆள் எங்கே படுத்திருக்கிறார் என்று கேட்பதும் நம் வேலைதான்.