பெயரை மாற்றி வாசித்தவர்

பள்ளியில் மதிய இடைவேளையின்போது ரோஸ்லின் டீச்சரின் தம்பி என்னைப் போனில் அழைத்தார். "அக்கா போயாச்சு" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. நெய்யாற்றின்கரையில் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் தமிழ் கற்பித்தவர்கள் நாங்கள். அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் சிலருக்கு அவர்மேல் இன்னும் கோபம் உண்டு. அந்தக் கோபம் தொடங்கிய கூட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பாறசாலையில் எங்கள் நூலகத்தின் ஆண்டு மலர் அச்சுக்குப் போகவிருந்தது. மறைந்த இரண்டு பஞ்சாயத்து பிரசிடெண்டுகளைப் பற்றி அதில் கட்டுரைகள். ஒருவர், நிலபுலன் உள்ள குடும்பத்து ஆறுமுகம். மற்றவர், பூவார் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்திலிருந்து வந்த செலின். இருவருமே ஊர்வேலை என்று அலைந்தவர்கள். இருவர் வீட்டிலும் குழந்தைகள் தனியாகவே வளர்ந்தார்கள். ஆனால் ஆறுமுகத்தின் கட்டுரை, "ஊருக்காகக் குடும்பத்தையே மறந்த தியாகி" என்றது. செலினின் கட்டுரையில், "பதவி மோகத்தில் குடும்பத்தையே மறந்தவர் என்று ஊர் பேசியது" என்று இருந்தது.

மலர்க் குழுவில் நானும் இருந்தேன். மெய்ப்புப் பார்த்த ரோஸ்லின் எழுந்து, பெயர்களை மட்டும் இடம் மாற்றி, அந்த இரண்டு வரிகளையும் உரக்க வாசித்தார். செலின் தியாகியானபோது யாரோ சிரித்தார்கள். ஆறுமுகத்துக்குப் பதவி மோகம் வந்தபோது குழுவில் இருந்த அவருடைய மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எங்க அப்பாவ இப்படிச் சொல்லலாமா டீச்சர்?"

"நான் ஒண்ணும் சேக்கல மோனே. பேரை மட்டுமாக்கும் மாத்தினேன்."

நூலகத் தலைவர் மேசையில் அடித்தார். "டீச்சரே, இது லைப்ரரியாக்கும், கோர்ட்டு இல்ல. இருங்க."

ரோஸ்லின் உட்காரவில்லை. கடைசியில் ஆறுமுகத்தின் மகன்தான், "ரெண்டு வரியையும் வெட்டிருங்க" என்றார்.

"வெட்டண்டாம். நீங்க அப்பா பக்கத்துல இல்லாம வளந்தது பொய்யா? செலினுக்க மக அப்படி வளந்தது பொய்யா? ரெண்டு பேரும் ஊருக்கு உழைச்சாங்க, வீட்டில கஷ்டப்பட்டது பிள்ளைங்க. ரெண்டு பேருக்கும் இத மட்டும் எழுதுங்க" என்றார் ரோஸ்லின்.

ஆறுமுகத்தின் மகன் தலையசைத்தார். நூலகத் தலைவர் எழுந்து வெளியே போனார்.

மலர் ரோஸ்லின் சொன்னபடியே வந்தது. அடுத்த குழுவில் ரோஸ்லினின் பெயர் இல்லை. பழகியவர்களே சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது அவருக்கு வலித்தது. வலிக்காததுபோல அவர் நடிக்கவும் இல்லை.

ரோஸ்லினின் அடக்கத்துக்குச் செலினின் மகள் வந்திருந்தார். "அம்மா வீட்டில இருந்ததே கொறவு. அத எழுதினதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆறுமுகம் சாருக்கும் எழுத வச்சாங்களே, அது போதும்" என்றார்.

அன்று கூட்டம் முடிந்து நடந்து வரும்போது நான் ரோஸ்லினிடம், பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"கால் நடுங்கிச்சு மக்கா. மேசையப் புடிச்சிட்டாக்கும் நின்னேன்."

பயந்துகொண்டே நின்ற அந்த ரோஸ்லினைத்தான் நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன்.