பல்லில் வருகிற கோபம்

போன வாரம் எங்கள் காக்ஸ் டவுன் பார்க்கில், என் மகள் இனியா யாரையும் கடிக்கவில்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? நாலரை வயதுப் பிள்ளையை வளர்த்துப் பாருங்கள்... தெரியும்.

வீட்டில் நாங்கள் தமிழ். பார்க்கில் கன்னடம். யாராவது பொம்மையைப் பிடுங்கினால் சண்டை போட அவளிடம் வார்த்தை இல்லை, பல் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள், பக்கத்துத் தெரு சிராக்கின் கையில் அதைப் பதித்துவிட்டாள். அவன் அம்மா ஷோபா அந்தத் தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு நாங்கள் போனாலே சறுக்குமரம் காலியாகிவிடும். வரிசையில் நிற்காமல் சறுக்கலாம் என்று இனியாவுக்கு முதலில் ஏக சந்தோஷம். அப்புறம் ஒருநாள் கேட்டாள் — "அம்மா, நான் வந்தா ஏன் எல்லாரும் போயிடுறாங்க?"



அவளுடைய நர்சரி டீச்சர் ரீட்டா மிஸ்ஸிடம் போய் நின்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்.

"இனியா, கோவம் வந்தா உடம்புல எங்க வரும்?"

கொஞ்சம் யோசித்தாள். "பல்லுல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மிஸ் சாதாரணமாகத் தலையாட்டினார்.

"கடிக்காதேன்னு மட்டும் சொன்னாப் போதாதுங்க. அந்தப் பல்லுக்கு வேற வேலை குடுக்கணும்."

வேலை இதுதான். வாயை இறுக மூடிக்கொண்டு, மிக்ஸி மாதிரி 'ம்ம்ம்' என்று மூச்சு தீரும்வரை ஓட்ட வேண்டும். அப்புறம் வாயைத் திறந்து, 'எனக்குக் கோவம் வந்திருக்கு' என்று சொல்ல வேண்டும். பார்க்குக்காகக் கன்னடத்திலும் — "நனகெ கோப பந்திதெ."

கோபம் மட்டும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது எவ்வளவு வசதி!

வீட்டில் பயிற்சி. பல் தேய்க்கச் சொன்னால் ம்ம்ம். டிவியை அணைத்தால் ம்ம்ம். சில நாள் எங்கள் ஹாலில் இரண்டு மிக்ஸி ஓடியது — இன்னொன்று நான்.

போன வாரம் இனியா மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஷோபா போனில் பேசுகிற நேரம் பார்த்து சிராக் ஓடிவந்தான். அவளுடைய பக்கெட்டைத் தூக்கிக்கொண்டான். நான் பதறி எழுந்தேன். எதிர் பெஞ்சில் ஷோபாவும் எழுந்துவிட்டார். இனியாவின் முகம் சிவந்தது. உதடுகள் இறுகின...

"ம்ம்ம்ம்ம்ம்..."

சிராக் மிரண்டுபோய்ப் பார்த்தான்.

"நனகெ கோப பந்திதெ!"

"யாக்கெ?" என்றான் அவன். ஏனாம்!

இந்தக் கேள்வி எங்கள் சிலபஸிலேயே கிடையாது. இனியா திணறினாள். பிறகு தமிழிலேயே சொல்லிவிட்டாள் — "நீ கேக்காம எடுத்துட்டே!"

அவனுக்குப் புரிந்ததோ என்னவோ, பக்கெட்டைக் கீழே வைத்தான். வைத்துவிட்டுக் கையை நீட்டினான். "பக்கெட் கொடு."

இப்போது கேட்டுவிட்டான் அல்லவா? கொடுத்துவிட்டாள். ஒருவர் மணல் அள்ள, இன்னொருவர் கொட்ட... எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

ஷோபா பெஞ்சில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பன்னி, கூத்கொள்ளி" — வாங்க, உட்காருங்க என்றார். உட்கார்ந்தேன்.

'கோபப்படாதே' என்றுதான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறோம். கோபம் என்ன நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? வந்தபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று சொல்லிக்கொடுத்தால், கூட விளையாட ஆள் கிடைக்கிறது.

இப்போது புதுத் தலைவலி — இருட்டினாலும் இரண்டும் வீட்டுக்கு வர மாட்டேன் என்கின்றன. நிஜத்தைச் சொன்னால்... அம்மாக்கள் எங்களுக்கும் அவசரமில்லை.