மூன்றரை லிட்டர் ஒயிலும் என் குரலும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் எங்கள் கடைக்கு என்ஜின் ஒயில் தேர்ந்தெடுக்க வருவதில்லை. வீட்டிலேயே தேர்ந்தெடுத்துவிட்ட ஒயிலுக்கு நம்முடைய தலையாட்டலை வாங்கிப்போக வருகிறார்கள். துணிக்கடையில் நிற்பவர்களே, மருந்துக்கடையில் நிற்பவர்களே, கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் மற்றவர்களே, இதை உங்களிடம் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறும்.

நான் வேலை பார்க்கும் ஒயில் கடை பதுளையில், பசறை வீதியோரத்தில் இருக்கிறது. முன்னால் கவுண்டர், பின்னால் காரை மேலே நிறுத்தி அடியில் இறங்கி வேலை செய்யும் குழி. இரசாயனவியலில் பட்டம் வாங்கிவிட்டு, ஆசிரியர் நியமனம் வரும் வரைக்கும் என்று சேர்ந்தேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா, மகளுக்குக் கதிரையில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்திருப்பதாக எங்கள் லயத்து வரிசையில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டார். கதிரை இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அந்த வேலைக்குக் குரலும் வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. என் குரல் கவுண்டரைத் தாண்டாது. முதலாளி மூன்று மாதம் பார்ப்பதாகச் சொன்னார். மூன்று மாதத்தில் வாய் திறக்காவிட்டால் வாய் உள்ள ஒருவரைப் பிடித்துக்கொள்வாராம்.

எந்தத் தோட்டத்து ஒயில்?

முதல் வாரத்தில் வந்தவர் டீமேக்கர் ஐயா. நமுனுகுலப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பெக்டரியில் தேயிலைத் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு மொரிஸ் மைனர் கார் இருக்கிறது. அவரைவிட ஓரிரு வயதுதான் இளையது. அவரைவிட நன்றாக மலை ஏறும். பழைய என்ஜினுக்குத் தடித்த ஒயில் வேண்டும் என்று முதலாளி சொல்லிக் கொடுத்திருந்ததால், நான் 20W-50 போத்தலை எடுத்து வைத்தேன். அவர் போத்தலைப் பார்க்கவே இல்லை. வெள்ளைச் சாசர் ஒன்று கேட்டார். எங்கள் தேநீர்ச் சாசரைக் கொடுத்தேன்.

அதில் இரண்டு சொட்டு விட்டு, வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மூக்கை அருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு. அடுத்து உதட்டைக் குவித்தார். பெக்டரியில் தேநீரை உறிஞ்சித் துப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் ஐயா என்று சொல்ல வாய் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. நல்லவேளை, பழக்கத்தில் குவிந்த உதடு தானாகவே ஞாபகம் வந்து மூடிக்கொண்டது. விரலில் தேய்த்துப் பார்த்து, சாசரைக் கவலையோடு கீழே வைத்தார். “நெறம் இருக்குங்க மிஸ், மணம் பத்தல. இது எந்தத் தோட்டத்து ஒயில்?”

குழிக்குள் கடிதம்

குழிக்குள் வேலை செய்பவர் செல்வராஜ் அண்ணன். எந்தக் காருக்கு எந்த ஒயில், பில்டர் மாற்ற வேண்டுமா, அடியில் ஒயில் வடிக்கும் போல்ட்டுக்குப் புது வாஷர் வேண்டுமா என்பதையெல்லாம் கவுண்டரில் இருந்து குழிக்குக் கூவிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்பு இருந்தவர் கூவினால் பஸ் நிலையத்தில் நிற்பவர்களுக்கும் எந்தக் காருக்கு என்ன ஒயில் என்பது தெரிந்துவிடுமாம். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் சீட்டில் எழுதி, குழியின் விளிம்பில் குந்தி, அண்ணனின் கைக்கு எட்டும்படி நீட்டினேன். வழக்கமான விஷயங்களுக்குத் தயாராகவே சீட்டு எழுதி வைத்துக்கொண்டேன். ஒயில் வடித்த காருக்கு ‘ஒயில் இல்லை, ஸ்டார்ட் செய்யக் கூடாது’ என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுவேன். அதை முதலாளியே பாராட்டினார். குரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் கழிந்த ஒரே வாரம் அதுதான்.

ஒருநாள் சீட்டு சற்று நீண்டுவிட்டது. இந்தக் காரின் பில்டருக்குள் ஒரு இறப்பர் வளையம் உண்டு, பழையதை எடுக்காமல் புதியதைப் போட்டால் ஒழுகும், ஆகவே தயவுசெய்து கவனிக்கவும் என்று காரணகாரியத்தோடு எழுதியிருந்தேன். அண்ணன் ஒரு கையால் போல்ட்டைப் பிடித்தபடி மறு கையால் அதை வாங்கினார். இரண்டாவது வரியில் போல்ட் கழன்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார்: “ஒங்க எழுத்து முத்து மாதிரி இருக்கு தங்கச்சி. ஆனா தலைக்கு மேல மூணரை லிட்டர் நிக்கிறப்ப கடுதாசி படிக்க முடியலயே.”

தானாக மாறும் ஒயில்

கணக்கு வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்குப் படிப்பிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய ஒஸ்டின் காருக்கு வாரம் ஒருமுறை அரை லிட்டர் ஒயில் வாங்குவார். குழியில் மட்டும் ஏற்றவே மாட்டார். காரணத்தை ஒருநாள் விளக்கினார். கார் நிற்கும் இடத்தில் ஒரு காட்போட் மட்டையை விரித்து வைத்திருக்கிறார். அதில் ஒயில் சொட்டுகிறது. அந்த மட்டையை எக்ஸ்ரே படம் மாதிரி என் முன்னால் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அரை லிட்டர் கீழே போகிறது, அரை லிட்டர் மேலே ஊற்றுகிறார். ஏழு, எட்டு வாரத்தில் உள்ளே இருந்த ஒயில் முழுவதும் மாறிவிடுகிறதாம். பிறகு எதற்குக் குழியில் ஏற்ற வேண்டும்?

பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்தது. வாயால் சொல்ல வரவில்லை. அவர் மட்டையைச் சுருட்டுவதற்குள் ஒரு சீட்டு எழுதினேன்: ‘ஐயா, இன்று ஒழுகுவதில் நேற்று ஊற்றியதும் இருக்கிறதே. எட்டு வாரம் போனாலும் பழையது உள்ளே இருக்கும். அழுக்கும் இருக்கும்.’ அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதை இரண்டு தடவை படித்தார். சட்டைப் பையில் மடித்து வைத்தார். முகம் சரியில்லை. ஒரு வாடிக்கையாளரை இழந்துவிட்டோம் என்றே நினைத்தேன். வாசல் வரை போனவர் திரும்பினார். “வடிவாத்தான் எழுதியிருக்கிறாய் பிள்ளை. ஆனா பிழையாத்தான் இருக்கும். வீட்டை போய்ச் செய்து பார்க்கிறன்.”

மகன் அனுப்பிய தண்ணீர்

டீமேக்கர் ஐயாவின் மகன் கொழும்பில் இருக்கிறார். அவர் அப்பாவுக்கு விலை கூடிய, புதுக் கார்களுக்கான மெல்லிய ஒயிலை அனுப்பியிருந்தார். பளபளக்கும் போத்தல், ஐயா அதைக் குழந்தை மாதிரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தார். அந்த ஒயில் அவருடைய காருக்கு ஆகாது, பழைய என்ஜினின் தேய்ந்த இடுக்குகளில் தண்ணீர் மாதிரி ஓடிவிடும் என்று நான் சொன்னேன். இல்லை, சொன்னதாக நினைத்தேன். ‘இதன் பிசுக்குமை குறைவு’ என்று தொடங்கினேன். பாடப்புத்தகத்தில் தடிப்பைக் குறிக்கும் அந்த வார்த்தை என் உதட்டில் இருந்து அவருடைய காதுவரை போய்ச் சேரவில்லை. அவர் புன்னகையோடு தலையாட்டினார். மகனைப் பாராட்டுகிறேன் என்று நினைத்தார் போல. நமுனுகுலவுக்கே கொண்டுபோய்த் தன் கையாலேயே ஊற்றிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அவர் போன் செய்தார், முதலாளி எடுத்தார். கார் பசறைக்குப் போய் வந்த பாதை முழுவதும் கோலம் போட்ட மாதிரி புள்ளி வைத்திருக்கிறதாம். அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார். முதலாளி போனைக் கவுண்டரில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நீங்கள் சொல்லவில்லையா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். என்ன என்று காதைக் கொண்டுவந்தார். சொன்னேன் என்று மறுபடியும் சொன்னேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். அந்த வெள்ளியோடு மூன்று மாதமும் முடிகிறது. சனிக்கிழமை காலை வேறு ஒருவர் வந்து பார்ப்பார் என்றார். ஸ்பிரிங்வெளி லயத்தில் ஒவ்வொரு வீடாகப் போய் அம்மா என்ன சொல்வார் என்று யோசித்தபடி நான் நின்றேன். போனில் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை, ஐயாவின் குரல் கேட்டது: “மகன் குடுத்தத வேணாம்னு சொல்ல எனக்கும் வாய் வரலீங்க மிஸ். கார்தான் சொல்லிருச்சு.”

பத்தரை முதல் பன்னிரண்டு

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே வர வேண்டிய டீமேக்கர் ஐயா, பசறை வீதி வளைவில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே மாட்டிக்கொண்டதால் பத்து மணிக்குத்தான் வந்தார். மொரிஸ் மைனர் குழியின் மேல் ஏறியது. செல்வராஜ் அண்ணன் போல்ட்டைக் கழற்றினார். மகன் அனுப்பிய ஒயில் வடிந்துவிட்டது. ஆனால் ஐயா கடைசிச் சொட்டு விழும் வரை போல்ட்டைப் போட விடவில்லை. சொட்டு நின்றபோது மணி பத்து முப்பத்திரண்டு. ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். இராகு காலம் தொடங்கிவிட்டது. கெட்டதை வெளியேற்ற நேரம் பார்க்கத் தேவையில்லை, புதியதை ஊற்றுவது மட்டும் பன்னிரண்டு மணிக்குத்தான் என்று கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். வேறு வழி இல்லை. அண்ணன் வெறும் என்ஜினுக்குப் போல்ட்டை முடுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நான் என் வழக்கமான சீட்டை ஸ்டியரிங்கில் ஒட்டினேன். ஐயா கோயிலுக்குப் புறப்படும் முன் அதைப் பார்த்தார். ‘இல்லை’ என்ற வார்த்தையை ஒன்றரை மணி நேரம் காருக்குள் வைத்திருப்பது நல்லதல்ல என்று, அதை உரித்து மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று மனதுக்குள் சொன்னேன்.

பதினொரு மணிக்குக் கணக்கு வாத்தியாரின் ஒஸ்டின் வாசலில் வந்து நின்றது. என் சீட்டு அவருடைய கையில். மூன்று பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தாராம். பழைய ஒயில் ஒருபோதும் முழுதாகத் தீரவில்லையாம். இன்றே மாற்ற வேண்டும் என்றார். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனிதர் மனம் மாறுவதற்குள் குழியைக் காலி செய்ய வேண்டும். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, நேரே போய் மொரிஸ் மைனருக்குள் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் சீட்டு இல்லை, சாவி இருந்தது.

ஒயில் இல்லாத என்ஜின் ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும். ஐயாவை விட ஓரிரு வயது இளைய அந்த என்ஜின் உள்ளுக்குள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு செத்துப்போகும். நான் ஓடினேன். ஓடிப்போய் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை எடுத்து இன்னொரு சீட்டு எழுதினேன். முன்கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தேன். முதலாளியின் வாசிப்புக் கண்ணாடி கவுண்டரில் கிடந்தது. நான் கார்க் கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று நினைத்து, தள்ளி நில்லுங்கள் என்று கையசைத்தார். அந்தக் காரில் சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது. பிறகு ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். சாவி திரும்பியது. கை குமிழுக்குப் போனது.

“கைய எடுடா!”

சுவர்ப் பலகையில் இருந்த சாசரும் ஒயில் தகரங்களும் அதிர்ந்த மாதிரி இருந்தது. வீதியில் ஒரு பஸ் நின்றது. நடத்துநர் தன் கையை மிதிபலகைக் கம்பியில் இருந்து எடுத்துவிட்டார். தேநீர்க் கடையில் இருந்து செல்வராஜ் அண்ணன் கிளாசோடு ஓடிவந்தார். முதலாளி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி காருக்குள் அசையாமல் இருந்தார். அந்த ‘டா’ எனக்குள் எந்த மூலையில் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒஸ்டினுக்குள் இருந்து வாத்தியார் மெதுவாகக் கேட்டார்: “அப்ப இந்தப் பிள்ளை கதைக்குமோ?”

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். முதலாளி இறங்கினார். சனிக்கிழமை வரை காத்திருக்கவே தேவையில்லை, இப்போதே பையை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் ஒயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். சுத்தமாகக் காய்ந்திருந்தது. அதை அப்படியே திரும்பச் செருகிவிட்டு என் பக்கம் திரும்பினார். “எங்கப்பா முப்பது வருஷம் தோட்டத்துப் பெரட்டுக் களத்துல காலைல ஆளுங்க பேர் கூப்பிட்ட கங்காணி. அந்தச் சத்தம் அவரோட போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” பிறகு உள்ளே போய், சனிக்கிழமை வர இருந்தவருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார்.

பன்னிரண்டு மணிக்கு மேல் டீமேக்கர் ஐயா நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். சாசரில் இரண்டு சொட்டுப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிய பிறகு, தடித்த ஒயில் மூன்றரை லிட்டரும் உள்ளே போயிற்று. என்ஜின் பூனை மாதிரி உறுமியது. காலையில் நடந்ததை அண்ணன் அவருக்கு நடித்தே காட்டினார். சீட்டை உரித்தது தவறு என்று இப்போதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் முதலாளியின் தோளில் பரிவோடு கைவைத்தார். “பாத்தீங்களா மொதலாளி, ராகு காலத்துல கார எடுத்தா இப்படித்தாங்க ஆகும்.”

நான் இன்னும் அதே கதிரையில்தான் இருக்கிறேன். என் சத்தத்துக்குப் பயந்து, சீட்டு எழுதி நீட்டுவது மட்டும் இப்போது வாடிக்கையாளர்களின் வேலையாகிவிட்டது.