முறைப்பெண்ணும் திருச்சபைச் சட்டமும்

உபதேசியார் என்றால் ஜெபம் சொல்லிக்கொடுப்பவர் என்று நினைப்பீர்கள். பாதி வேலை, நிச்சயமான கல்யாணத்துக்குக் குறுக்கே கேள்வியோடு நிற்பது. குவைத்திலிருந்து மன்னார்குடிப் பக்கம் திரும்பிய என்னை, தமிழும் இங்கிலீஷும் தெரியும் என்பதற்காக, பங்குசாமியார் திருச்சபைச் சட்டத்தோடு உட்காரவைத்தார். யாரோ போட்ட விதிக்காகத் திட்டு வாங்கும் எல்லா மேஜைக்காரர்களுக்கும் என் பாடு புரியும்.

ரத்த உறவு

துபாயிலிருந்து லீவில் வந்த அந்தோணிக்கும் அவன் மாமன் மகள் ஸ்டெல்லாவுக்கும் ஓலை வாசிக்க வேண்டும், அதாவது மூன்று ஞாயிறு பூசையில் கல்யாணத்தை அறிவிக்க வேண்டும். சாம்பல் புதனுக்குள் தாலி கட்டியாக வேண்டும். அப்புறம் தவக்காலம், மேளம் கிடையாது. அவன் லீவும் முடிந்துவிடும்.

"ரத்த உறவு உண்டா?" என்றேன். பெண்ணின் அப்பா சூசைராஜ் இல்லையென்று தலையாட்டினார். மாப்பிள்ளை யாரென்றால், சொந்தத் தங்கச்சி மகன்!

"கட்டிக்கக் கூடாதவங்களைத்தானே கேக்குறீங்க? இவன் முறை மாப்பிள்ளைங்க, உபதேசியாரே."

ஒரே தூரம்

நெருங்கிய உறவில் மணம் கூடாதென்று அந்தக் காலத்து ஆயர்கள், அதாவது பிஷப்புகள், சங்கம் கூடி விதித்ததன் மிச்சம் இது, இப்போதைய ஆயர் விலக்கு கொடுத்தால் நடத்தலாம் என்று விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சட்டத்தின் கணக்கில் மாமன் மகளும் பெரியப்பா மகளும் ஒரே தூரம் என்றும் சொல்லித் தொலைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா லூர்துமேரி காதைப் பொத்திக்கொண்டார்.

"கட்டிக்கிறவளையும் தங்கச்சியையும் ஒண்ணா வைக்கிறாங்களே, அந்த ஆயருங்களுக்கெல்லாம் அத்தை மாமா யாரும் இல்லியா?"

தனித்தனியாக

விலக்கு வந்தது. ஓலையும் வாசித்தாயிற்று. பாக்கி ஒரே விதி: இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, முழுச் சம்மதமா என்று சாமியார் கேட்க வேண்டும். வழக்கமாக ஒரு தலையாட்டலில் முடிந்துவிடும். ஸ்டெல்லா ஆட்டவில்லை.

"மாட்டேன்னு சொல்லலீங்க சாமி. பொறந்ததிலேர்ந்து இவருக்குத்தான்னு சொன்னாங்களே தவிர, யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டுட்டீங்கல்ல, கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே."

அந்தோணியின் முறை

பெண் யோசித்துக்கொண்டிருக்கும்போது தாலியை மந்திரிக்க முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். அந்தோணியிடம் விஷயத்தைச் சொல்லும்படி ஸ்டெல்லாவே கேட்டுக்கொண்டாள். சொன்னோம். இவ்வளவு தூரம் வந்தவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"என்னையும்தாங்க யாரும் கேக்கலை. அது யோசிக்கட்டும், அடுத்த லீவுல வந்து நானே கேட்டுக்குறேன். மாமாகிட்ட மட்டும் நீங்க சொல்லிடுங்க."

சம்மதத்தை யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்றெல்லாம் யோசித்து விதி போட்ட பெரியவர்கள், வெளியே நிற்கும் பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொல்வது யார் என்பதை மட்டும் உபதேசியாருக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.