எதிரே உட்கார்ந்த சார்லஸ்

சார்லஸ் போய்விட்டான்.

இன்று காலை நெஞ்சு வலிக்கிறது என்று பைக்கை ஓரம் கட்டியிருக்கிறான்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது.

திருக்காட்டுப்பள்ளியில் ஒரே ஷெட்டில் அறுப்பு மெஷின் ஓட்டினோம், நானும் அவனும். பூதலூர்க்காரன். நாலு வயது சின்னவன், அதனால் நான் அவனுக்கு "அண்ணே".

டைப்பிங்கில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயத்தை இன்றைக்காவது நான் சொல்லியே ஆக வேண்டும்.

காலையிலிருந்து மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி, "உங்க விரல் போகக் காரணமா இருந்தவருதானே... ஆனாலும் நல்ல மனுஷன்ங்க" என்கிறார்கள்.

தெரியாதவர்களுக்கு... ஆறு வருஷம் முன்பு, குறுவை அறுப்பு. மெஷின் பெல்ட்டில் சிக்கிய வைக்கோலை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன், எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போயின.

சாவி சார்லஸ் கையில் இருந்தது.

அதுவரை நான் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசித்தவன். அப்புறம் அதை பீரோ மேல் தூக்கிப் போட்டேன். வீட்டில் டிவியில் பாட்டு வந்தால்கூட எரிந்து விழுவேன்.

எட்டு மாதம் கழித்து அவன் வந்தான். நான் முகம் கொடுக்கவில்லை. அவனே ஸ்டூல் போட்டு ஏறி கிடாரை இறக்கினான்.

"கம்பியை அழுத்த வலது கை இருக்குல்லண்ணே. தட்டுறதுக்கு இடது கையில மிச்ச விரல் போதும். லெஃப்ட் ஹேண்டா மாறிடுங்க."

கம்பிகளைக் கழற்றி இடம் மாற்றிக் கட்டினான். தடித்த கம்பி கிடாரின் தலைப்பக்கப் பள்ளத்தில் உட்காரவில்லை என்று ஷெட்டில் பிளேடு தீட்டும் அரத்தால் ராவினான்!

நாற்பது வயதில் வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதற்கும் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து ஓப்பன் டியூனிங் வைத்தான்... எதையும் அழுத்தாமல் சும்மா தட்டினாலே ஆறு கம்பியும் ஒன்றாகச் சேர்ந்து கேட்கும். அன்றைக்கு ரொம்ப நேரம் தட்டிக்கொண்டே அழுதேன்.

அவனுக்குத் தெரிந்தது சர்ச்சில் வாசிக்கும் மூன்று கார்டுதான். எனக்காக ஸ்கேலெல்லாம் முதலில் தான் பழகிக்கொண்டு, தன் கிடாரிலும் அதே டியூனிங் வைத்து, எதிரே வந்து உட்காருவான்.

அவன் வலது கைக்காரன், நான் இப்போது இடது. "கண்ணாடி பாக்குற மாதிரி என் விரலையே பாருங்கண்ணே. உங்க கையைப் பாக்காதீங்க."

ஐந்து வருஷம் நான் என் கையைப் பார்க்கவே இல்லை.

ஒருமுறை "எக்ஸாட்டிக் ஸ்கேல்" என்று ஒரு வெள்ளைக்காரர் வீடியோவை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உயிரை விட்டோம். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது மாயாமாளவகௌளைங்க. பாட்டு கிளாஸ்ல எனக்கு மொத நாளே சொல்லிக்குடுத்தாங்க. இதுக்கா ரெண்டு வாரம்?"

சார்லஸுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "நம்ம வீட்டு சோத்தையே பார்சல் கட்டி நமக்கே குடுத்துட்டான்ண்ணே!"

கடைசியாகப் பழகியது ஹங்கேரியன் மைனர் என்கிற ஸ்கேல். ஏறுவது வந்துவிட்டது, இறங்கும்போது என் சுண்டுவிரல் தடுமாறுகிறது. "ஞாயித்துக்கிழமை வர்றேன், ஒரு கை பாத்துருவோம்" என்றான்.

நாளைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

சரி... சொல்லிவிடுகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் "யாருங்க ஸ்டார்ட் பண்ணது?" என்று மனைவி கேட்டாள். "சார்லஸ்" என்றேன். அது பாதிதான்.

"ஸ்டார்ட் பண்ணுடா!" என்று கத்தியது நான்.

கத்திய பிறகு, இன்னும் ஒரு கொத்து வைக்கோல் கண்ணில் பட்டது. மறுபடி கையை விட்டேன். அவன் நான் சொன்னதைத்தான் செய்தான்.

ஆறு வருஷம். ஊரே அவனைச் சொன்னது, அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இன்று அவன் மனைவி ஜெனிட்டா என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க கையை நெனச்சு நெனச்சு அழுவாருண்ணே" என்கிறாள். அவளிடமும் அவன் சொல்லவில்லை. நானும் அந்த இடத்தில் மரம் மாதிரி நின்றேன்.

எத்தனையோ நாள் சொல்ல நினைத்தேன். சொல்லிவிட்டால், இனி எதிரே வந்து உட்கார மாட்டானோ என்று பயம். அவ்வளவுதான் காரணம். அவ்வளவு கேவலமான காரணம்.

ஜெனிட்டா, என் மனைவி... இரண்டு பேரும் இதை இங்கேதான் முதலில் படிப்பீர்கள். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

என்னால் முடியலைடா சார்லஸ்.

நாளை மாலை நாலு மணி, பூதலூர் கல்லறைத் தோட்டம். கிடாரோடு வருகிறேன், வாசிக்க வருமா தெரியவில்லை.

வருகிறவர்கள்... எனக்கு எதிரே மட்டும் யாரும் நிற்காதீர்கள்.