மேகத்தைக் கண்டு பயந்த மாமா

லேமினேஷன் மெஷினில் இருந்து சுடச்சுட வெளியே வரும் பிளாஸ்டிக் வாசனை... எனக்கு அது இன்றைக்கும் சைக்காலஜி வாசனைதான்.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். காலேஜில் இருந்து ஊருக்கு வந்து, கம்பம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்று கலர் படங்களை ஒவ்வொன்றாக லேமினேஷன் போட்டு வாங்கினேன். படத்தைப் பார்த்ததும் மனிதருக்கு என்ன உணர்ச்சி வருகிறது என்பதுதான் என் புராஜெக்ட். சந்தோஷமா, பயமா, எவ்வளவு என்று கேட்டு மார்க் வாங்க வேண்டும். எந்தப் படத்துக்கு என்ன வரும் என்று கைடு மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பல்லைக் காட்டும் நாய் என்றால் பயம். மலைமேல் திரளும் மழைமேகம் என்றால் சந்தோஷம்.

கூடப் படித்தவர்கள் ஹாஸ்டல் பிள்ளைகளிடமே கேட்டு வேலையை முடித்துவிட்டார்கள். நான்தான் வீறாப்பாக, "எங்க ஊர்ல போய் எடுத்துட்டு வர்றேன் மேடம்" என்று கிளம்பினேன். தேவையா எனக்கு!

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். "வயசுப்புள்ள ஊரு ஊராத் தனியாப் போறதா?" என்று அத்தா டி.வி.எஸ். ஃபிஃப்டியைக் கிளப்பினார்.

முதலில் கோம்பை. டீக்கடையில் நாய்ப் படத்தை நீட்டினேன். பயப்படுவார்கள் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்... படத்தை வாங்கியவருக்கு முகமெல்லாம் பல்!

"ஏலே, இங்கன வந்து பாருங்கடா! என்னா வெறப்பா நிக்கிது பாரு. களவாணிப்பய கிட்ட வருவானா? ஏந்தாயி, இது யாரு வீட்டு நாயி? குட்டி கிட்டி கெடைக்குமா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சந்தோஷத்துக்கு முழு மார்க். காவல் நாய்க்கே பேர் போன ஊரில் வேறென்ன நடக்கும்?

அடுத்தது சுருளிப்பட்டி, ராசு மாமாவின் திராட்சைத் தோட்டம். சொந்தம் இல்லை. ஆனால் அவரும் அத்தாவும் மாமா மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். பந்தல் முழுக்கப் பழம் கறுத்துத் தொங்கியது. மேகப் படத்தைக் காட்டினேன். மாமா முகம் செத்துப்போனது. படத்தைப் பார்த்தவர் சட்டென்று வானத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"உள்ள வையி தாயி அத! பழம் அறுப்புக்கு நிக்கிற நேரத்துல மேகத்தக் கொண்டாந்து காட்டுற? ஒரு மழ பேஞ்சா அம்புட்டும் வெடிச்சுப்போகும்." அப்படியே அத்தா பக்கம் திரும்பி, "என்னா மாப்ள, புள்ளய இதுக்குத்தான் படிக்க வச்சீகளா?"

அத்தா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துத் தோட்டங்களிலும் அதே கதைதான்.

காலேஜுக்குத் திரும்பிப் போய் பதில் தாள்களை மேடத்திடம் கொடுத்தேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் தலைகீழா இருக்கு. நேர்ல போனியா, இல்ல வீட்ல உக்காந்து நீயே நிரப்பிட்டியா? ஹாஸ்டல்ல புதுசா எடு. இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையெழுத்து இல்லை என்றால் அந்த வருஷமே போச்சு. அதைவிட, பொய்க்காரி என்ற பெயர்... அதுதான் தாங்க முடியவில்லை.

ஹாஸ்டலில் எடுப்பது ஒரு சாயங்கால வேலைதான். ஆனால் ராசு மாமா பயந்தது நிஜமாயிற்றே! அதை எப்படித் தூக்கிப்போடுவது? மறுபடி ஊருக்கு பஸ் ஏறினேன். சுருளிப்பட்டியைப் பயமுறுத்திய மேகம் யாரைச் சிரிக்க வைக்கும்? வழியெல்லாம் அதே யோசனை. பஸ் தேனியைத் தாண்டியபோது பிடிபட்டது... தேவாரம்! அங்கே மானாவாரிக் காட்டை உழுதுபோட்டு, விதைக்க மழைக்குக் காத்திருந்தார்கள்.

மறுநாள் அத்தா வண்டியிலேயே தேவாரம் போய் இறங்கினேன். விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் அதே படத்தை நீட்டினேன். ஒரு அக்கா வாங்கிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆத்தீ! இப்பிடி எறங்குனா எம்புட்டு நல்லாருக்கும்! இத நானே வச்சுக்கிறவா?"

நடுத்தெருவில் நின்று கைதட்டிச் சிரித்தேன். என்னமோ ஏதோ என்று அத்தா வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். இந்தத் தடவை மார்க்கோடு நிற்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஏன் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

இரண்டு ஊர்ப் பதிலையும் மேடம் வெகு நேரம் பார்த்தார். "வைவால கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்று கையெழுத்துப் போட்டார். நம்பிப் போட்ட மாதிரி தெரியவில்லை.

வைவாவுக்கு வந்த வெளியூர் எக்ஸாமினர் நேராக அங்கேயே கை வைத்தார். "ஒரே படம். ஒரு ஊர்ல பயம், இன்னொரு ஊர்ல சந்தோஷம். இதுல எதும்மா சரி?"

இங்கிலீஷில் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது மொத்தமும் பறந்துவிட்டது. எங்கள் ஊர்த் தமிழிலேயே ஆரம்பித்தேன்.

"ரெண்டும் சரிதான் சார். பயம் படத்துல இல்ல. இந்த மழ எனக்கு என்ன செய்யும்னு அவுக மனசு மொதல்ல ஒரு கணக்குப் போடுது. அதுக்கு அப்புறந்தான் பயமோ சந்தோசமோ வருது. பழம் அறுக்க நின்னவுக பயந்தாக. வெதைக்கக் காத்திருந்தவுக சிரிச்சாக."

அவர் மேடம் பக்கம் திரும்பினார். "இதைத்தானே மேடம் நாம வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போடுறோம்? இந்தப் பொண்ணு நேர்லயே பார்த்துட்டு வந்திருச்சு!"

மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "உன்னைச் சந்தேகப்பட்டேன், தப்புதாம்மா" என்றார். எல்லோர் முன்னாலும்! அடேயப்பா... அந்த நிமிஷத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். "அத்தா, ஜெயிச்சுட்டேன்! சந்தேகப்பட்டது தப்புன்னு மேடமே ஒத்துக்கிட்டாக, எல்லார் முன்னாலயும்!"

"அம்புட்டுப் பேரு முன்னாலயும் ஒத்துக்கிட்டாகளா?"

"ஆமாத்தா."

"பெறகென்ன! மார்க்கு அவுக இஷ்டத்துக்குப் போடட்டும்."

இப்போது நானே அந்தப் பாடத்தை நடத்துகிறேன். பிள்ளைகள் ஒரு லிங்க்கை அனுப்புகிறார்கள், விடிவதற்குள் பதில் வந்து குவிகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள், குறை சொல்லவில்லை. ஆனால் பதில் சொன்ன ஒரு முகம்கூட அவர்களுக்குத் தெரியாது. ஒத்துவராத பதிலை ஒரே க்ளிக்கில் அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்... அதைப் பார்க்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

நல்லவேளை, அன்றைக்கு என்னிடம் அந்த க்ளிக் இல்லை. இருந்திருந்தால் பயந்துபோய் அழித்தே இருப்பேன், நிம்மதியாகப் பாஸும் ஆகியிருப்பேன். இப்படி உங்களிடம் சொல்லிப் பெருமையடிக்க ஒரு கதைகூட இருந்திருக்காது.